அண்ணாந்து குடித்த ஒரு வாய்

குமாரபாளையத்தில் இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலை. தறிக்கூடத்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் தூக்குப்போசியோடு என் கடை வாசலில் நிற்பார்கள். இதைச் சொல்லிக்கொள்ள நான் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. கூச்சப்பட்டவள் என் மகள்.

பிரான்ஸுக்குப் படிக்கப் போனவள் அங்கேயே ஒரு பிரெஞ்சுக்காரப் பையனைப் பிடித்துப்போய் ரிஜிஸ்டர் கல்யாணமும் செய்துகொண்டாள். சம்பந்தி வீட்டைப் பார்க்க நான் மட்டும்தான் கிளம்பினேன். கிரைண்டரை யாராவது ஓட்ட வேண்டுமே, வீட்டுக்காரர் தங்கிவிட்டார். அவர்கள் ஊருக்குக் காரில் போகும்போது மகள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, நீங்க உணவுப் பொருள் கம்பெனி நடத்தறீங்கன்னு அவங்ககிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன். மாவு கீவுன்னு ஏதும் பேசிப்போடாதீங்க."

"ஏஞ்சாமி, மாவுன்னா கேவலமா?"

"கேவலமில்லீங்கம்மா. நம்ம கடையைப் பாத்த உங்க மாப்பிள்ளைக்குத் தெரியும், அவங்கப்பா அம்மாவுக்குப் புரியாது, அதான். ஒயின் குடுத்தா ஒரு வாய் குடிச்சுட்டு நல்லாயிருக்குன்னு சொல்லிருங்க. மாமா அவரே போட்டதுங்க அது."

அந்த மாவில்தான் அவள் காலேஜ் படித்தாள். ஆனால் பெண்ணைக் கொடுத்த இடத்தில் போய் இறங்குகிற நேரத்தில் சண்டை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

சம்பந்தி அந்தக் கிராமத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். பிஸ்ட்ரோ என்கிறார்கள். எட்டே மேசை. சம்பந்தியம்மா உள்ளே சமைக்கிறார், இவர் வெளியே பரிமாறுகிறார். நம் ஊர்க் கணக்கில் மெஸ்தான். டிராக்டர் ஓட்டுகிறவர்களும் தபால்காரப் பெண்ணும் உச்சி வெயிலில் வந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சாப்பிடுகிறார்கள். அவசரமே கிடையாது. தறி ஓடாத ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

கோழிக் குழம்பு வந்தது. உப்பு சரியாக இருந்தது, காரம் என்ற பேச்சே இல்லை. கறி மட்டும் பஞ்சாக வெந்திருந்தது. சமைத்த கைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். பிறகு சம்பந்தி கலங்கலான ஒரு பாட்டிலைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தார். கடைக்குப் பின்னாலிருக்கும் தோட்டத்துத் திராட்சையாம். ஈஸ்ட் போடுவதில்லை, மருந்து போடுவதில்லை, நசுக்கி வைத்தால் தானாகவே புளித்துக்கொள்ளும் என்று அவர் சொல்லச் சொல்ல மகள் தமிழில் சொன்னாள்.

"அட, நம்ம மாவும் அப்படித்தானே..." என்று ஆரம்பித்தேன். மேசைக்கு அடியில் என் காலில் ஒரு மிதி விழுந்தது.

எங்கள் வீட்டில் குடி கிடையாது. குடியால் பாழான குடும்பங்களைத் தினமும் கடை வாசலில் பார்க்கிறவள் நான். ஆனாலும் சம்பந்தி எனக்குத்தான் முதலில் ஊற்றினார். எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். "ஒரே ஒரு வாய், அத்தை" என்று மாப்பிள்ளை தன் அரைகுறைத் தமிழில் கெஞ்சினார். குலதெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளாஸை எடுத்தேன்.

கடைக் கிளாஸில் யார் வாய் வைப்பது? எத்தனை பேர் எச்சில் பட்டதோ! பழக்க தோஷம், தலையை அண்ணாந்து உயரப் பிடித்து ஊற்றிக்கொண்டேன். அவர்கள் ஒவ்வொரு சொட்டாக உறிஞ்சுகிற சமாச்சாரத்தில் பாதிக் கிளாஸ் ஒரே மடக்கில் உள்ளே போய்விட்டது. பக்கத்து மேசையில் கரண்டிகள் நின்றன. மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

புளிப்பும் பழ வாசமுமாக நன்றாகத்தான் இருந்தது. "நல்லாயிருக்கு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அது வந்தது.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மண்டியில் அரிசி மூட்டையைப் பிரித்தால் நான் முகர்ந்து பார்ப்பதில்லை. பத்து அரிசியை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு, மனசுக்குள் பத்து வரை எண்ணுவேன். எலி புகுந்த மூட்டையாக இருந்தால் எண்ணி முடிப்பதற்குள் தொண்டைக்குப் பின்னாலிருந்து ஒரு வாடை மேலே ஏறி வரும். மூக்குக்கு அது தெரியாது. ஏழு தண்ணீர் கழுவினாலும் போகாது. இட்லி பூவாக வரும், தின்றவன் மட்டும் மறுநாள் வரமாட்டான்.

அதே வாடை ஒயினில் வந்தது. அசல் எலி. சமாளித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், மறைக்காமல் சொல்கிறேன். மகள் முகம் பாவமாக இருந்தது. ஆனால் புளிக்க வைத்த ஒரு பொருளைப் பற்றி என் வாயால் பொய் வராது.

"இதுல எலி வாசம் வருதுங்க" என்றேன்.

"அம்மா!" என்றாள் மகள். "சும்மா இருங்க. நான் சொல்ல மாட்டேன்."

சம்பந்தி என்ன என்ன என்று கேட்டார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலி என்ற வார்த்தை மாப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊருக்கு வந்தபோது கடையில் ஒன்றைத் துரத்தியவர் அவர்தான். சட்டென்று அதைத் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

சம்பந்தியின் முகம் சிவந்து, கையிலிருந்த பாட்டில் மேசையில் டொக்கென்று இறங்கியது. பெண் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. சம்பந்தியம்மா கரண்டியோடு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். புருஷனைப் பார்த்துக் கரண்டியை ஆட்டி ஆட்டி என்னவோ கத்தினார். மகள் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஒரு மாசமா அத்தையும் இதையேதான் சொல்லிட்டிருந்தாங்களாம். மாமா நம்பவே இல்லியாம். இவங்க ஊர்லயும் இதுக்கு எலி வாசம்னுதான் பேராமுங்கம்மா! எலி ஒண்ணும் உழுகலீங்க. மருந்து போடாம புளிக்க வெச்சா சில சமயம் வருமாம். சிலபேர் நாக்குக்கு அது தெரியவே தெரியாதாம்."

"உங்கப்பனுக்கும் அதே நாக்குதான் கண்ணு" என்றேன். "அதனாலதான் அரிசி மண்டிக்கு நானே போறேன்."

அதைப் பிரெஞ்சில் சொன்னபோது சம்பந்தியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சம்பந்தி சிரிக்கவில்லை. தன் கிளாஸைக் குடித்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தார். ஒன்றும் தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, மரியாதையாக ஏதோ கேட்டார்.

மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க கம்பெனியில இதைக் கண்டுபிடிக்க என்ன மிஷின் வெச்சிருக்கீங்கன்னு கேக்கறாங்க" என்றாள் கடைசியில்.

அது அவள் போட்ட கம்பெனி, அவளே பதில் சொல்லட்டும் என்று இருந்தேன்.

அவள் எழுந்து நின்றாள். கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி பிரெஞ்சில் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் பேச்சின் நடுவில் அவள் வலது கை காற்றிலேயே, ஓடுகிற கிரைண்டரின் ஓரத்து மாவை உள்ளே வழித்துத் தள்ளியது. பிறகு அதே கை பத்து அரிசியை எடுத்து வாயில் போட்டது. சின்ன வயதில் என் பக்கத்தில் நின்று செய்தாளே, அச்சு அசலாக அதேதான். எனக்குப் புரிந்துவிட்டது.

தபால்காரப் பெண் முதலில் கை தட்டினார்.

சம்பந்தி உள்ளே போய் ஆறு பாட்டில்களைக் கொண்டுவந்து என் முன்னால் வரிசையாக வைத்தார். தன் நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டு, அவர் நின்றுகொண்டார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஒவ்வொண்ணாத் தொறக்கச் சொல்லு சாமி" என்றேன். "பத்து எண்ணி முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் பேசப்படாது."