எழுபத்தைந்து டிகிரி சந்தேகம்

போன ஐப்பசியில், கள்ளக்குறிச்சியில் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. நானும் கணவரும் கல்வராயன் மலைக்காரர்கள். கீழே இறங்கி வந்து போட்டோ ஸ்டுடியோ வைத்துப் பிழைக்கிறோம். கல்யாண வீடியோக்களை எடிட் செய்ய, அவரே பாகங்களை வாங்கி வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தார். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பிராசசரின் வேகத்தையும் கூட்டி வைத்தார். வேகம் கூடினால் சூடும் கூடும் என்பதால், அது எத்தனை டிகிரி என்று திரையின் மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும். சும்மா இருக்கும்போது நாற்பதைத் தாண்டாது.

ஒரு நாள் மாலை அவர் ஸ்டுடியோவிலிருந்து வந்து ஆன் செய்ததுமே எழுபத்தைந்து காட்டியது.

"இன்னா இது? இவ்ளோ நேரம் யாரு கேம் ஆடிக்கினு இருந்தது?" என்றார். கேள்வி எனக்கு, பார்வை என் தம்பிக்கு. காலேஜ் படிப்புக்காக அவன் எங்களோடு தங்கியிருந்தான். மலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவது நடக்காத காரியம். எங்கள் வீட்டை விட்டால் அவனுக்குப் படிப்பே இல்லை.

"நான் தொடவே இல்ல மாமா" என்றான். அவர் கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினார். கேம் எதுவும் இல்லை. "அழிச்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்துக்கினு இருக்கான்" என்றார். பிள்ளைகள் டி.வி. பார்த்தார்களா என்று அதன் முதுகைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித் தினமும் மாலை அந்த எண்ணைப் பார்ப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது.

என்ன சொல்ல, எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. ஒரு நாள் காலையில் மவுஸ் மேல் லேசாக முகப்பவுடர் தூவி வைத்தேன். மாலையில் தூவியது தூவியபடியே இருந்தது. ஆன் செய்தால் எண் மட்டும் எழுபத்தெட்டு. தம்பி தொடவில்லை என்ற நிம்மதியோடு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அக்காளும் தம்பியும் சேந்துக்கினு நாடகம் போடுறீங்களா?" என்றார்.

தீபாவளிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு மூவரும் மலைக்குப் போனோம். அங்கிருந்து திரும்பக் கிளம்பும்போது, "அவன் இங்கியே இருக்கட்டும், நம்ம வூட்டுக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டார். தம்பி என்னைத்தான் பார்த்தான்.

கள்ளக்குறிச்சி வீட்டுக்கு வந்ததும் அவரே அறையைத் திறந்தார், அவரே ஆன் செய்தார். மளமளவென்று ஏறி எழுபத்தேழில் நின்றது.

"இப்ப யாருங்க ஆடுனது?" என்று கேட்டேன்.

அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். பிராசசர் மேல் அழுத்தமாக உட்கார வேண்டிய ஃபேன் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றது. ஆயுத பூஜைக்குத் தூசி துடைக்க அவரேதான் அதைக் கழற்றி மாட்டியிருந்தார். அதைப் பொருத்தும் பின்களில் ஒன்று சரியாக இறங்கவில்லை. அழுத்தியதும் டக்கென்று உட்கார்ந்தது, சூடும் பழையபடி இறங்கியது. பிராசசர் சில நிமிடங்களில் ஆறிவிடக்கூடியது, மதியம் ஒருவர் விளையாடியிருந்தால்கூட மாலையில் அதில் தெரியாது என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாளே பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். "தப்பு என்னுதுடா, வா" என்று தம்பியைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். படிப்பும் தொடர்கிறது. ஆனால் இன்றும் அந்த அறையிலிருந்து ஒரு சார்ஜரை எடுப்பதென்றாலும், "அக்கா, செத்த வாயேன், நான் உள்ள போறேன்" என்று என்னைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டுத்தான் போகிறான். ஒருவனை வீட்டுக்குத் திரும்ப அழைத்து வர ஒரு நாள் போதும், அவனை நாம் நம்புகிறோம் என்று அவனை நம்பவைக்க எவ்வளவு காலம் ஆகுமோ என்று அங்கே நிற்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.