கயிற்றின் மறுமுனை

பாலங்கள் அதிராமலிருக்கக் கணக்குப் போடுவது மகளின் தொழில். அவள் அப்பாவுக்கு, கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் ஒரே வேலை: கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது.

பேராசிரியர் தன் முனையை ஓர் உதறு உதறுவார். ஒரு மேடு கிளம்பி ஓடும். அப்பாவின் கையில் முட்டி, தலைகீழாகி, பள்ளமாகத் திரும்பும். "கயிறு எங்கயும் போகல. அசைவுதான் பயணம் போகுது" என்பார் பேராசிரியர். முனை அசைந்தால் பாடம் கெட்டது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அப்பா அசைய மாட்டார்.

"காலேஜ்ல சம்பளத்துக்கு நிக்கிறீங்க, சரி. வீட்டுலயும் எதுக்குங்க மரம் மாதிரி? அந்த சிலிண்டரைக் கொஞ்சம் நகத்துங்க" என்பாள் அம்மா.

"உன் பொண்ணைக் கேளு. அவளுக்கும் பாலம் அசையாம பாத்துக்கத்தான் சம்பளம்."

புது முதல்வர் வந்தார். முதல் சுற்றிலேயே அப்பாவின் முன் நின்றார்.

"இவர் என்ன பண்றார்?"

"நிலையான முனை, சார்" என்றார் பேராசிரியர்.

"அதுக்கு ஒரு ஆளா? சுவத்துல ஒரு கொக்கி அடிச்சா முடிஞ்சுது."

அன்றிரவு அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறொன்றும் தெரியாது. "கொக்கி என்னைவிட நல்லாத்தான் நிக்கும். அதுக்கு இருமல் வராது" என்றார்.

கொக்கி அடித்தார்கள். முதல் உதறலிலேயே காரையோடு பெயர்ந்து வந்தது. வேறிடத்தில் அடித்தார்கள், அங்கும் அதே கதை. சுவரை இடித்துக் கட்ட அனுமதியில்லை. வாங்கிய கொக்கியைச் சும்மா வைக்கவும் விதியில் இடமில்லை. கடைசியில் முதல்வரே ஆணையிட்டார்: கொக்கியைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க ஓர் ஆள்.

கயிற்றைக் கொக்கி பிடித்தது. கொக்கியை அப்பா பிடித்தார்.

"பதவி உயர்வு. எனக்குக் கீழ இப்ப ஒரு கொக்கி வேலை பாக்குது" என்றார். மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

ஓய்வு பெறும் முன்பே, ஒரு காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு.

காரியங்கள் முடிந்ததும் கல்லூரி அலுவலகத்திலிருந்து மகளுக்கு அழைப்பு. கருணை அடிப்படையில் அந்த வேலை வாரிசுக்காம்.

"நான் இன்ஜினியர் சார்."

"தெரியும்மா. வாரிசு ஒரு வகுப்பாவது நின்னு பாத்துட்டு வேணாம்னு சொன்னாத்தான் நாங்க வேற ஆள் போட முடியும். இல்லைன்னா அப்பா இடம் காலியாவே கிடக்கும்."

அது மட்டும் அவளுக்குப் பொறுக்கவில்லை. போனாள். கொக்கியைச் சுவரோடு அழுத்திக்கொண்டு நின்றாள். பேராசிரியர் அவள் முகத்தைப் பார்க்காமல் உதறினார்.

மேடு ஓடி வந்தது. அதன் சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனாலும் மணிக்கட்டு எழும்பிவிட்டது, கை விட்டுக்கொடுத்துவிட்டது. திரும்பிய பள்ளம் பாதிதான் இருந்தது.

"மீதி எங்க சார் போச்சு?" என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

பேராசிரியர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"அவங்க வாங்கிக்கிட்டாங்க."