அண்ணனின் விதையைச் சாப்பிட்டவர்களுக்கு

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு "நாலு நல்ல வார்த்தை" எழுதித் தரச் சொல்லி உறவினர்கள் என்னைக் கேட்டார்கள். நான் அவருடைய ஒரே தங்கை. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அச்சாகி வரும்வரை யாரும் படிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டேன். உடனே ஒப்புக்கொண்டார்கள். நம் குடும்பத்தில் யாரும் எதையும் படிப்பதில்லை என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

அண்ணன் இன்முகம் மாறாதவர், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவர் என்றெல்லாம் என்னால் எழுத முடியாது. அவர் எல்லோரையும் கடிந்து பேசினார். திட்டு வாங்கியவர்களில் பலருக்கு இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் அண்ணன் பிறந்தார். தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்கத்துக்கு வந்தவர். அப்பாவும் பூமிக்கு அடியிலேயே வேலை பார்த்தவர். சுரங்கம் நொடித்துப்போனபோது அப்பா கைக்கு வந்ததை வைத்து ஆனேக்கல் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் வாங்கினார். நாங்கள் பெங்களூரில் நீலசந்திராவுக்குக் குடிவந்தோம். அண்ணன் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து நல்ல பெயர் எடுத்தார். அப்பா போன பிறகு பட்டறையை விட்டுவிட்டு, அண்ணியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு நிலத்திலேயே போய் வீடு கட்டிக்கொண்டார்.

அன்று சொந்தபந்தம் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஒக்கலிபுரத்து மாமா அதைக் கல்யாண வீடுகளில் ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே சொல்லிக்கொண்டு திரிந்தார். "மண்ணுக்குள்ள இருந்து மேல வர நமக்கு ரெண்டு தலமொற ஆச்சு. இவன் திரும்பவும் மண்ணத் தோண்டப் போறானாம்!" சிரித்தவர்கள் ஒவ்வொரு மார்கழியிலும் பையைத் தூக்கிக்கொண்டு அவரைக்காய்க்கு வந்து நிற்க மறந்ததே இல்லை.

பெங்களூரில் அவரைக்காய் என்றால், தமிழ்நாட்டில் மொச்சை என்கிறார்களே, அதுதான். அண்ணன் அதை ஆடியில் ராகிச் சாலுக்கு நடுவே விதைப்பார். பனி இறங்கினால்தான் காய் திரளும், தோலில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வாசனை ஏறும். கன்னடத்தில் அதற்குச் சொகடு என்று பெயர். கையில் ஒட்டினால் சோப்புக்கும் போகாது. அண்ணனுடைய அவரைக்கு அந்த வாசனை மிக அதிகம். ஒவ்வொரு வருடமும் செடி செடியாக நின்று, காயைக் கசக்கி மோந்து பார்த்து, தேறியதை மட்டும் விதைக்கு விட்டு அவரே உண்டாக்கிக்கொண்ட ரகம் அது. "பரம்பரை விதையா?" என்று யாராவது பக்தியோடு கேட்டால், "சந்தையில வாங்கினது. புத்தி மட்டும் நான் சொன்னேன்" என்பார்.

பயறு வகைகளில் அவருக்கு அவரை, துவரை, காராமணி மூன்றுக்கும் மட்டுமே மரியாதை உண்டு. பீன்ஸ் பல்லில்லாதவர்களுக்கான காய். வருடம் முழுவதும் காய்க்கும் குட்டை ரகம் விற்க வந்தவரிடம், "எப்பவுமே காய்ச்சிட்டிருந்தா அது எப்பங்க ருசியா இருக்கும்?" என்று கேட்டு டீ கொடுத்து அனுப்பிவிட்டார். நகரத்தில் குளிர்காலத்தில் நடக்கும் அவரைத் திருவிழாவுக்கு ஒரு முறை என்னோடு வந்தார். அவரை ஜிலேபி என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஒரு கடி கடித்துவிட்டு, "ரெண்டையும் கெடுத்துட்டானுங்க" என்றார். செல்போனில் மழை பார்ப்பார், பார்த்துவிட்டு அதையும் நம்பமாட்டார். என் தமிழையும் அவர் விட்டுவைத்ததில்லை. "நீ நடத்துற பாடத்துல இது வரிக்கும் ஏதாச்சும் மொளச்சிருக்கா?" என்று கேட்பார். நானும் சும்மா இருந்ததில்லை என்பதால் எங்களுக்குள் பொழுது நன்றாகப் போயிற்று.

சென்ற ஆண்டு ஆனியில் மூச்சுத் திணறலால் படுத்தார். நிலத்தை அதற்கு முன்பே உழுது வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி எங்கே மழை, எவ்வளவு மழை என்று வருகிறவர்களை எல்லாம் விசாரித்தார். ஆப்பிள் வாங்கி வந்தவர்களுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. கடைசியாக அண்ணியிடம், "ரெண்டு சாலாவது போட்டுடு. வெத ஒரு வருஷம் தவறிச்சின்னா வீரியம் போயிடும்" என்றார். நானும் பக்கத்தில் இருந்தேன். அதற்கு அடுத்த நாள் அண்ணன் இறைவனடி சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியம் நிலத்து வீட்டிலேயே நடந்தது. அண்ணன் இருந்தபோது மார்கழி தவிர மற்ற மாதங்களில் அந்த வழியில் பஸ்ஸே கிடையாது என்று சாதித்தவர்கள் எல்லாம் காரில் வந்து இறங்கினார்கள். ஒக்கலிபுரத்து மாமா தாம்பூலம் போட்டபடி நிலத்தைச் சுற்றி வந்தார். லாரி நிறுத்த இடம் தேடும் ஆள் ஒருவர் அவர் கைவசம் இருந்தார். "சும்மாதானே கெடக்குது, பயிர் இல்லாத நேரம், இப்பவே பேசிடலாம்" என்று அண்ணன் மகனின் காதைக் கடித்துக்கொண்டிருந்தார். மொட்டை அடித்த தலையோடு, ஈர வேட்டியில் நின்ற பிள்ளையிடம் பேச அவருக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லை.

அண்ணியின் கழுத்திலிருந்து அன்று காலையில்தான் தாலியை வாங்கியிருந்தார்கள். சடங்கு என்ற பெயரில் அவரை உள் அறையில் உட்காரவைத்து, அவர் வீட்டுச் சமையலறையை அடுகோடிச் சித்தி கைப்பற்றிக்கொண்டார். நான் போனபோது சித்தியும் இன்னும் சில பெண்களும் ஊறிய அவரையைப் பிதுக்கித் தோலெடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி ஏற்கெனவே அடுப்பில் கொதித்தது. பிதுக்குப் பருப்புக் குழம்பாம்.

"இது ஏது சித்தி?" என்று கேட்டேன்.

"பரண் மேல ஒரு பானையில இருந்துச்சிம்மா. ஐயே, எவ்ளோ மண்ணு! நேத்து நாலு தண்ணி ஊத்திக் கழுவி ஊற வெச்சேன். ஒரு தானியத்தக்கூட சுத்தமா வெக்கத் தெரியல பாரு உங்க அண்ணிக்கு."

வண்டு அரிக்காமல் இருக்க விதைக்குச் செம்மண் குழைத்துப் பூசிக் காயவைத்துப் பானையில் எடுத்து வைப்பார்கள். சித்தியின் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பார். சித்திக்குப் பருப்பு பாக்கெட்டில் விளைகிறது. அண்ணன் வருடக்கணக்காக மோந்து மோந்து சேர்த்த விதை முழுவதையும் அவர் சுத்தம் செய்து முடித்திருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சித்தியைத் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் உள் அறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "யாரு அவர வேக வெக்கிறது? அது நம்ப வீட்டு வாசனயாச்சே." அண்ணி எழுந்து, கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் தாண்டிச் சமையலறைக்கு வந்தார். அடுப்பைப் பார்த்தார். பிதுக்காமல் கிடந்த பாதி அண்டாவைப் பார்த்தார். ஒரு கொட்டையை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இன்னும் உசிரு இருக்குது. இன்னிக்கே மண்ணுல போவணும். நாளைக்குப் புளிச்சிடும்" என்றார் என்னிடம்.

கூடத்தில் ஒரே கூச்சல். "காரியத்தன்னிக்கா?" என்றார் சித்தி. மாமா அதற்கும் மேலே போனார். "காலையிலதான் தாலி வாங்கினாங்க. அந்தக் கையால வெத போட்டா நெலம் வெளங்குமா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா. கடையில வேற வெத கெடைக்காதா?"

"இது கடையில கெடைக்காது மாமா. எல போட்டுட்டாங்க, நீங்க போய் சாப்பிடுங்க" என்றார் அண்ணி.

அண்ணன் மகன் அண்டாவைத் தூக்கினான். காரியத்துக்கு வந்த ஆண்களில் உருப்படியாக ஒரு வேலை செய்த முதல் ஆள் அவன்தான். இரண்டாவது ஆள் பக்கத்து நிலத்துக்காரர். இலையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து கை கழுவிக்கொண்டு, "பன்னி, வாங்க அக்கா, சால் நான் ஓட்றேன்" என்று தமிழும் கன்னடமுமாகச் சொல்லியபடி டிராக்டர் எடுக்கப் போனார். முந்தைய நாள் மழையில் மண் பதமாக இருந்தது. அவர் சால் ஓட்ட, அண்ணியும் நானும் பின்னால் விதையை விட்டுக்கொண்டு போனோம். அண்ணி அழுதுகொண்டேதான் விதைத்தார், ஒரு சாலும் கோணவில்லை.

வீட்டில் விருந்து நடந்தது. பிதுக்குப் பருப்புக்கு ஏகப்பட்ட பாராட்டு. "என்னா வாசன! இந்த மாதிரி அவர சாப்ட்டு எவ்ளோ நாளாச்சு!" என்று மாமா மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று பிறகு சொன்னார்கள். சித்தி மிச்சத்தைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போனார். உயிரோடு இருந்த மனிதரைப் பரிகாசம் செய்த வாய்கள் அவருடைய விதையை வழித்துச் சாப்பிட்டன.

பயிர் நிற்கும் நிலத்துக்கு லாரி வராது. மாமாவின் ஆள் வேறு இடம் பார்த்துக்கொண்டார். விதை முளைத்தது. அண்ணியின் கை அதற்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பனிக்காலத்தில் நம்மவர்கள் வழக்கம்போலப் பையோடு வந்தார்கள். அண்ணி ஒரு காயையும் பறிக்க விடவில்லை, எல்லாவற்றையும் விதைக்கு விட்டார். பையை மடித்து எடுத்துக்கொண்டு போனவர்கள், அண்ணியைக் கஞ்சப் பிசினாரி என்று நீலசந்திரா வரை வந்து என்னிடமே சொன்னார்கள்.

இப்போது நன்றி. இலையை விட்டு எழுந்து வந்த பக்கத்து நிலத்துக்காரருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அண்டா தூக்கிய பிள்ளைக்கு என் ஆசி. மற்றவர்களும் வந்தீர்கள், சாப்பிட்டீர்கள். அதற்கும் நன்றி சொல்வதுதான் முறை.

இந்த மலரோடு ஆளுக்கு ஒரு சிறு பொட்டலம் அண்ணனின் விதை கொடுக்கலாமே என்று உங்களில் சிலர் யோசனை சொன்னீர்கள். கொடுக்கவில்லை, நீங்கள் கழுவிவிடுவீர்கள். இன்றைய விருந்துக்குப் பூசணிக்காய் சாம்பார். பானை நிறையச் செம்மண் பூசிய அவரை உள் அறையில் இருக்கிறது. அறை பூட்டியிருக்கிறது. சாவி அண்ணியின் இடுப்பில் இருக்கிறது.