செகோபேயின் வலது கை

செகோபே கையைத் தூக்கினால்தான் வவாவு தீவில் அந்தத் தேவாலயமே மூச்சு விடும். அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பாடகர் குழுவை நடத்துகிறவன். சுருதி தப்பியவர்களை விட்டுவைக்க மாட்டான். வெலோனிகா என்ற பெண்ணை, அவள் பாட்டைக் கேட்டால் பன்றிக்குட்டிகூடத் தீனிக்கு வராது என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அழவைத்தவன். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டின் நடுவே அவனுடைய வலது கை தானாகத் தொங்கிப்போனபோது, குழுவில் பாதிப் பேருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அதன்பிறகு கையை உயர்த்தினாலே மரத்துப்போனது. விரல்கள் குளிர்ந்து நுனி வெளுத்தது. கிழங்கு மூட்டையைத் தோளில் ஏற்றினால் கழுத்திலிருந்து சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுத்தது. குடித்துவிட்டு வருகிறான் என்று வெலோனிகா ஊரெல்லாம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் லாத்து என்ற பெண் டாக்டர் அவன் மணிக்கட்டில் நாடி பிடித்தபடியே கையை மேலே தூக்கச் சொன்னார். தூக்கியதும் நாடி நின்றது. இறக்கியதும் திரும்பி வந்தது. பிறகு எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கினார். அவன் கழுத்தடியில் பிறவியிலேயே ஒரு குட்டி விலா எலும்பு கூடுதலாக இருக்கிறது. கைக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் அங்கே நெருக்குண்டு கிடக்கின்றன. கையைத் தூக்கினாலும் பாரம் சுமந்தாலும் நெருக்கல் கூடும். குழாயில் ரத்தம் உறைந்து விரலுக்கு இறங்கினால் விரல் போய்விடும். நியூசிலாந்துக்கு அனுப்பி ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குக் கொஞ்சம் காலம் ஆகும்.

"அதுவரைக்கும் கையத் தூக்காதீங்க. விரல் நீலமாச்சுன்னா அன்னைக்கே ஓடி வந்துடுங்க" என்றார்.

செகோபேக்கு எல்லாம் புரிந்தது. படுபாவிக்கு நன்றாகவே புரிந்தது.

ஆனால் வீட்டில் தெலேசியா அத்தை இருந்தாள். செத்துப்போன அவன் அப்பாவுக்கு அக்கா. எங்கள் குடும்பங்களில் அத்தை சொன்னால் பாதிரியார்கூட வாயைத் திறக்க முடியாது.

"நாப்பது வருசம் தூங்குன எலும்பு இப்பத்தான் முழிச்சுதாக்கும்? என் தம்பி குழிக்குள்ள வேர் ஏறியிருக்குடா. அவன் தோள் நோகுது, அது உன் தோள்ல தெரியுது" என்றாள்.

ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. செத்தவரின் எலும்பு சங்கடப்பட்டால் பிள்ளைக்கு வலிக்கும் என்பது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். செகோபேயின் அம்மா வழி ஆட்கள் குழியைத் தோண்டினார்கள். தகப்பன் உடலை மகன் தொடக்கூடாது என்பதால் அவன் தள்ளி நின்றான். காறை எலும்புக்கு அடியில் ஒரு வேர் ஓடியிருந்தது. கல்லறைத் தலைமாட்டில் மரத்தை நட்டவர்களே வேரைக் கண்டு வாயைப் பிளந்தார்கள்.

அத்தை வேரை வெட்டி, எலும்புகளைத் தேங்காய் எண்ணெயால் துடைத்து, மரப்பட்டைத் துணியில் சுற்றி வைத்தாள். செகோபேயைக் கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினான். அந்த ஒரு கணம் வலிக்கவில்லை. எல்லோரும் அழுதார்கள், அவனும் அழுதான். சபையின் வருடாந்தர மாநாட்டில் அவன்தான் பாட்டு நடத்துவான் என்று அத்தை அங்கேயே அறிவித்தாள்.

"அங்க வந்து கையத் தொங்கப்போட்டேன்னா, செத்தவனையே பொய்யனாக்குறேன்னு அர்த்தம்" என்றாள்.

மாநாட்டுப் பாட்டு நீளமானது. இரண்டாவது சரணத்தில் விரல்கள் செத்தன. மூன்றாவதில் நீலம் ஏறியது. அதை முதலில் பார்த்தவள் முன்வரிசையில் நின்ற வெலோனிகா. பார்த்துவிட்டு இன்னும் உரக்கப் பாடினாள். கையை இறக்கியிருக்கலாம். முதுகுக்குப் பின்னால், முதல் பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தாள். ஆமென் வரைக்கும் அவன் இறக்கவில்லை.

அன்று விருந்து. பன்றி வெட்டியிருந்தார்கள். விருந்தை விட்டுக் கிளம்பினால் கை சரியாகவில்லை என்று ஆகிவிடுமே என்று, கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு சாப்பிட்டான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூன்று விரல்கள் கறுத்திருந்தன.

அவற்றை எடுத்த பிறகு டாக்டர் கேட்டார், "நான் சொன்னது புரியலியா?"

"புரிஞ்சுது" என்றான் செகோபே.

விரல்களை அத்தை கேட்டு வாங்கி வந்து தம்பியின் கால்மாட்டில் புதைத்தாள். பாடகர் குழுவை இப்போது வெலோனிகா நடத்துகிறாள். நன்றாகவே நடத்துகிறாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மழைக்காலத்தில், இல்லாத விரல்கள் எரிய ஆரம்பித்தன. அப்படி எரியும், விரல் போனது நரம்புக்குத் தெரியாது என்று டாக்டர் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். பெண்டாட்டியிடம் மட்டும்தான் சொன்னான். சாயங்காலத்துக்குள் அது அத்தை காதுக்குப் போய்விட்டது.

விடிந்ததும் அத்தை ஆட்களைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்கு வந்தாள். இந்த முறை அவனை யாரும் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வருமுன்பே அவன் அப்பாவின் கால்மாட்டில், தன் விரல்களைப் புதைத்த இடத்தில், இடது கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தான்.