பெரியப்பா ஓடிய ஒரு சுற்று

காரணம் இல்லாமல் ஓடுகிற மனிதர்களைப் பெரியப்பா ஒருநாளும் நம்பியதில்லை. கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் எங்கள் வீட்டுக்கு முன்னால், காதில் வயரை மாட்டிக்கொண்டு காலையில் ஓடிப் போகிறவர்களை வாசலில் நின்று பார்ப்பார். அவர்கள் போன பிறகு, அவர்கள் வந்த பக்கத்தையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். துரத்திக்கொண்டு நாய் எதுவும் வராது. "விசர் வேலை" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்க உள்ளே போய்விடுவார்.

அப்படிப்பட்டவரைத்தான் கிளினிக் டொக்டர் ஓடச் சொன்னார். இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. வெறுமனே நடந்தால் போதாது, தினமும் மெதுவாக ஓட வேண்டும், அடுத்த கிளினிக்குக்குள் குறையாவிட்டால் ஊசிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெரியம்மா பயந்துபோனா. கனடாவில் இருக்கும் அவர்களுடைய மகன் ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினார். அதைக் கட்டிக்கொண்டு ஓடினால், எத்தனை அடி ஓடினார் என்று பெரியம்மாவின் ஃபோனில் விழும். பெரியப்பா அதைக் கைவிலங்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவுக்கு வவுனியாவில் வேலை. அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். அவருக்குத் துணையாக விடியற்காலையில் மைதானத்துக்குப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் நாள் அவர் மைதானத்தில் அரைச் சுற்று ஓடினார். இரண்டாம் நாள் மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த தேத்தண்ணிக் கடை வரை ஓடினார். மூன்றாம் நாள் கடிகாரம் என் கைக்கு வந்துவிட்டது. மணிக்கட்டில் நிற்காததால் முழங்கைக்கு மேலே கட்டிவிட்டார். நான் ஓடினேன். அவர் கடை வாங்கில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். சீனி இல்லாத பிளேன்டீதான். அதில் மட்டும் நேர்மையாக இருந்தார். கூடவே ஒரு மாலுபாண்.

"ஓட்டம் புள்ளைக்கு, மாலுபாண் சேருக்கா? டொக்டர் இப்புடியா எழுதித் தந்த?" என்று கடைக்கார நானா கேட்பார். பெரியப்பா காது கேளாதவர்போல மீன் பொதிந்த பக்கமாகப் பார்த்துக் கடிப்பார்.

உண்மையைச் சொன்னால், முதல் மூன்று சுற்றுக்கும் ஓட்டத்தைப்போல அலுப்பான காரியம் உலகத்தில் இல்லை. அதே கோல் கம்பம், அதே ஈரப்பலா மரம், அதே மாடு. ஏழாம் வாய்ப்பாடு, எட்டாம் வாய்ப்பாடு எல்லாம் சொல்லி முடித்துவிடுவேன். நாலாம் சுற்றில் ஏதோ நடக்கும். மூச்சு தன்பாட்டில் ஓர் ஒழுங்குக்கு வரும். நான் சொல்லாமலே கால்கள் ஓடும். மகாவலிப் பக்கத்தில் பனி விலகி, தூரத்து மலைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். இதெல்லாம் எனக்காகவா என்று இருக்கும். இந்தக் கால்கள் என்னுடையவைதானா என்று ஒருநாள் குனிந்துகூடப் பார்த்தேன். அவ்வளவு ஆச்சரியம்.

இதைப் பெரியப்பா இழக்கிறாரே என்று எனக்குத் தாங்கவில்லை. "நாலாம் சுத்துக்குப் பிறகு நல்லா இருக்கும் பெரியப்பா. ஒருக்கா ஓடிப் பாருங்கோவன்" என்றேன்.

"நான் ஓட வேண்டினதெல்லாம் ஓடி முடிச்சிட்டன் பிள்ளை."

"எங்க ஓடினனீங்கள்?"

"யாழ்ப்பாணத்திலயிருந்து கிளிநொச்சி மட்டும்."

"தனியவோ?"

"இல்லை, ஊரே ஓடினது. உன்ர பெரியம்மாவும்தான்" என்றார். பிறகு நானாவிடம் இன்னொரு பிளேன்டீ சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தேசப்படத்தை விரித்து, யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி வரை நூலை வைத்து அளந்தேன். அதே நூலைக் கண்டியில் வைத்தால் குருநாகலையும் தாண்டிப் போனது. பஸ்ஸில் போனாலே எனக்கு வாந்தி வருகிற தூரம் அது! அதை இந்த வண்டியும் தொந்தியுமான மனிதர் ஓடியிருக்கிறார். பெரியம்மாவும் சேலையோடு ஓடியிருக்கிறா. நான் அதை ஒரு மாபெரும் விளையாட்டுப் போட்டியாகவே கண்டேன். எல்லாருடைய முதுகிலும் இலக்கம் குத்தியிருந்தது. வழிநெடுகத் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தார்கள். பெரியப்பா சோற்றைப் பிசைகிற கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு பெரிய மனிதரோடு ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இதுவரை தெரியாமல் போயிற்றே என்று மலைப்பாக இருந்தது.

வகுப்பில் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. "சும்மா புளுகாத. அவ்ளோ தூரம் லொறிதான் ஓடும்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியன்று பெற்றோர் ஓட்டத்தில் என் பெரியப்பா ஓடுவார், முதலாவதாக வருவார், வந்து பாருங்கள் என்று வாயை விட்டுவிட்டேன்.

இது போதாதென்று, ஒருநாள் கடிகாரத்தைக் கழற்ற மறந்து, சட்டைக் கைக்குள் அப்படியே கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன். இடைவேளையில் ஓடிப் பிடித்து விளையாடினோம். அன்று பெரியப்பா கந்தோருக்கு லீவு போட்டு, வீட்டில் சாய்மனைக் கதிரையில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் ஃபோன் கிணுகிணுத்தது. உங்கள் கணவர் இப்போது மிக வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறார், பாராட்டுகள் என்று அது சொன்னதாம்.

பெரியம்மா கத்தவில்லை. நான் வீடு வந்தபோது குசினியில் நின்று அழுதுகொண்டிருந்தா. பெரியப்பா வாசற்படியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அவவுடைய கோபத்துக்கு அவர் பழக்கப்பட்டவர், அழுகைக்கு இல்லை.

"எனக்கு முன்னால ஒருக்கா ஓடிக் காட்டுங்கோ" என்றா கடைசியில். "பிள்ளையின்ர ஸ்கூல் ஓட்டத்தில ஓடுங்கோ. ஓடாட்டி, இனி உங்கட சீனி வருத்தத்தைப் பற்றி நான் வாயே திறக்கமாட்டன்."

பெரியப்பா தலையை ஆட்டினார். அடுத்த நாளிலிருந்து கடிகாரத்தைத் தானே கட்டிக்கொண்டு தனியாகப் போனார். என்னை வரவேண்டாம் என்றுவிட்டார். அவர் வெல்லாவிட்டால் வகுப்பில் என் மானம் போய்விடும், பெரியம்மா இனி அவரோடு பேசவேமாட்டா. இந்த இரண்டு கவலையிலும் எனக்கு இரண்டு கிழமை சாப்பாடே இறங்கவில்லை.

போட்டியன்று மற்ற அப்பாமார் எல்லாரும் விளையாட்டுச் சப்பாத்தோடு வந்திருந்தார்கள். பெரியப்பா கந்தோர்க் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, சப்பாத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். விசில் ஊதினார்கள்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அந்த மனிதர் அப்படி ஓடுவார் என்று நான்கூட உண்மையில் நம்பியிருக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, உடம்பை முன்னால் சாய்த்து, சத்தமே இல்லாமல் ஓடினார். தொந்தி வேறு யாருடையதோ என்று இருந்தது. சிரிப்பு இல்லை, பக்கம் பார்ப்பது இல்லை. அரைச் சுற்றுக்குள் எல்லாரையும் முந்திவிட்டார். என் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். லொறி என்று சொன்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

முடிவுக் கயிற்றுக்கு ஒரு பத்து அடி இருக்கும்போது பெரியப்பா நின்றுவிட்டார்.

நின்று, திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள். அவர் ஒவ்வொரு முகத்தையும் தேடித் தேடிப் பார்த்தார். "ஓடுங்கோ பெரியப்பா!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். கேட்கவில்லை. கடைசி ஆளும் போய், வெறும் மைதானம் மட்டும் மிஞ்சியபோதும் அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது பந்தலுக்குள் இருந்து பெரியம்மா எழுந்து ஓடிவந்தா. வந்து, பெரியப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டா.

எங்கள் ஆட்களில் அந்த வயதுப் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரியம்மாவுக்கு அவர் எப்போதும் "இஞ்சாருங்கோ"தான். அந்தப் பெயர் அடையாள அட்டையிலும் கிளினிக் கொப்பியிலும் மட்டும் இருந்த பெயர். அதை அவ்வளவு சனத்துக்கு முன்னால், அடிவயிற்றிலிருந்து கத்தினா.

"நான் இஞ்ச நிக்கிறன்!"

பெரியப்பா திரும்பினார். அவவைக் கண்டார். பிறகு நடந்துவந்து, கடைசி ஆளாகக் கோட்டைத் தாண்டினார். பெரியம்மா அவருடைய கையைப் பிடித்தா. வீட்டுக்குப் புறப்படும்வரை விடவே இல்லை. சரியான ஏச்சு விழப்போகிறது என்று நான் நினைத்தேன். கோபம் தலைக்கு ஏறினால்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது என் கணக்கு.

பல வருஷங்களுக்குப் பிறகுதான் பெரியம்மா சொன்னா. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே வெளிக்கிட்ட அன்று, மழைக்குள், ஆளோடு ஆள் நெரிபட்ட அந்த றோட்டில் கை நழுவிவிட்டதாம். பெரியப்பா, அவ பின்னால் வருகிறா என்ற நினைப்பில் மூட்டையோடு முன்னால் ஓடியிருக்கிறார். "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ எண்டு கத்தினன். ஆம்பிளையள் எல்லாரும் திரும்பிப் பாத்தவை, இவரைத் தவிர. பேரைச் சொல்லியிருக்கலாம். வாய் வரேல்லை" என்றா. ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்றாம்.

அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. ஓட்டோவில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். "பின்னால ஆக்கள் வருகினமோ எண்டு பாத்தனான்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பின்னால் வருகிறவர்கள் பின்னாலேயே இருந்தால்தான் நாம் வெல்லலாம், ஓடும்போது திரும்பிப் பார்க்கவே கூடாது என்று குண்டசாலை வரும்வரை அவருக்குப் பாடம் எடுத்தேன். பெரியப்பா ஒரு நல்ல மாணவனைப்போல, "ஓம் பிள்ளை, ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு வந்தார்.