தண்ணீரில் மூழ்கிய எண்ணெய்

எங்கள் அக்காள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. உடன்பிறந்தவர்களில் எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே என்பதால் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. யுத்த காலத்தில் செல்லூரில் நடந்ததை மட்டும் விட்டுவிடலாமே என்று உறவினர் சிலர் சொன்னார்கள். அதை விட்டால் அக்காளின் வாழ்வில் பாதியை விட்டதாகும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்காள் பிறந்தது கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் தகப்பனார் திருச்சி சாலையில் மண்வேலைக்குப் போவார். தாயார் சீக்கிரமே காலமானதால் அடுப்பு அக்காள் கைக்கு வந்தது. எல்லோரும் உண்ட பிறகு சட்டியில் மிஞ்சியதை உண்பது அவர் வழக்கம். மிஞ்சாத நாளில் நீராகாரம் குடித்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவார்.

செல்லூரில் சாயப்பட்டறையில் வேலை பார்த்த மாமன் மகனுக்கு அவரைக் கொடுத்தோம். மணமான சில ஆண்டுகளில் கணவர் வாந்திபேதியில் போய்விட்டார். குழந்தை இல்லை. ஊருக்கு வந்துவிடும்படி தகப்பனார் அழைத்தபோது, "அங்க வந்தாலும் சோறாக்கணும், இங்க இருந்தாலும் சோறாக்கணும். இங்கயே இருக்கேன்" என்றார். தெருவில் இட்லி சுட்டு விற்றுப் பிழைத்தார். அவர் கைப்பக்குவத்தைக் கேள்விப்பட்டு, துணிக்குப் பூச்சுப் பூசும் பட்டறை ஒன்றின் முதலாளி, அங்கேயே சுவரோரம் ஓர் ஓலைச் சார்ப்பு இறக்கிக்கொடுத்து வேலையாட்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடச் சொன்னார்.

அந்தப் பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெட்டித் துணியின் மேல் ஒரு குழம்பைப் பூசிக் காயவைத்தால் அது தோலைப் போல ஆகிவிடும். மோட்டார் ஆசனத்துக்கும் பைகளுக்கும் அதை வாங்குவார்கள். ஒருவகைப் பஞ்சை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்கிற குழம்பு அது. அதில் எண்ணெய் ஒன்றைச் சேர்த்தால்தான் பூச்சு வளையும். இல்லாவிட்டால் காய்ந்ததும் அப்பளம் போல நொறுங்கும். முதலில் ஆமணக்கெண்ணெய்தான் சேர்த்தார்கள். டப்பாவின் அடியில் மிஞ்சுவதை வேலையாட்கள் விளக்குக்கும் தலைக்கும் கொண்டுபோவார்கள். யாரும் ஏதும் சொன்னதில்லை.

யுத்தம் வந்ததும் ராணுவத்துக்குத் துணி போயிற்று. எளிதில் தீப்பிடிக்காத துணி வேண்டும் என்றார்கள். அதற்காகக் கடல் கடந்து வேறோர் எண்ணெய் இரும்பு டிரம்களில் வந்து இறங்கியது. நிறமும் இல்லை, வாசமும் இல்லை. டிரம்மின் மேல் இங்கிலீஷில் எச்சரிக்கை எழுதியிருந்தது. அது உண்ணும் பொருளல்ல என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியும். கீழே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. குழம்பு கலக்குகிற கருப்பையா அதை நாள் முழுவதும் வெறுங்கையால் அளாவிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியாது.

அப்போது நகரில் சமையல் எண்ணெய்க்குப் பெரிய தட்டுப்பாடு. சாமான் அறையைப் பார்த்துக்கொண்ட சுப்பையா ஒருநாள் அக்காளிடம் வந்து, "டிரம்முல அடியில எண்ணெய் நிக்குதுக்கா. எடுத்துக்கங்க" என்றார்.

"விளக்குக்கா, வாய்க்கா?" என்று அக்காள் கேட்டார்.

"நான் நாக்குல வெச்சே பாத்துட்டேன். கசப்பும் இல்ல, காறலும் இல்ல. முன்னாடி வந்ததவிட இது சுத்தம்."

அக்காள் நம்பினார். கையிருப்பில் இருந்த கொஞ்சம் கடலை எண்ணெயோடு அதைக் கலந்து சில நாட்கள் வடை சுட்டார். வடை கிடைத்து வெகுகாலமாகியிருந்ததால் போட்ட வேகத்தில் தீர்ந்தது. கடைசியில் உட்காரும் அக்காளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

சாப்பிட்டவர்களில் பலருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஓரிரு நாளில் நின்றது. மறந்துபோனார்கள். இரண்டு வாரம் போல ஆனபின் கருப்பையா வேலைக்கு வரும் வழியில் செருப்பு காலில் நிற்காமல் கழன்று கழன்று விழுந்திருக்கிறது. கெண்டைக்காலில் வலி. மறுநாள் பாதத்தைத் தூக்க முடியவில்லை. அடுத்தடுத்து ஒவ்வொருவராக விழுந்தார்கள். சிலருக்குக் கையும் தொங்கியது. அம்மன் குற்றம் என்றும் ஆகாத காற்று என்றும் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா மட்டும், இத்தனை பேரும் சேர்ந்து எதைத் தின்றார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வி பட்டறைக்கு வந்துசேர்ந்ததும் சுப்பையா சமையல் சார்ப்புக்கு ஓடிவந்தார்.

"அக்கா, மிச்சம் இருக்குறத சாக்கடையில கவுத்திருங்க. கேட்டா கடை எண்ணெய்னு சொல்லிக்குவோம்."

"கவுத்துட்டா அந்த ஆளுகளுக்கு எதப் பாத்து வைத்தியம் செய்வாக, சுப்பையா?" என்றார் அக்காள்.

எண்ணெய்ச் சட்டியைத் துணியால் வாய்கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, வைகை மணலைக் கடந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தார். டாக்டரம்மா முன்னால் அதை இறக்கிவைத்து, "இதுலதான் சுட்டேன். என் கையாலதான் போட்டேன்" என்றார். இரண்டே வாக்கியம். அருகில் கட்டிலில் கிடந்த கருப்பையா தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"அது டிரம் எண்ணெயா? டம்ளர்ல தண்ணி வெச்சு ஊத்திப் பாருங்கம்மா. நல்ல எண்ணெய் மெதக்கும். இது அடியில போயிரும். கை கழுவுற தொட்டியில பாத்திருக்கேன்."

ஊற்றினார்கள். கடலை எண்ணெய் கலந்திருந்தும் அது மூழ்கி அடியில் நின்றது. டாக்டரம்மா உடனே டிரம்மின் மேலிருந்த எழுத்துக்களைப் படித்து எழுதிவர ஆள் அனுப்பினார். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது என்றும், கைகள் தேறிவிடலாம், கால்கள் முழுவதும் தேறா என்றும் பிறகு சொன்னார். வாய் வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் அது உடம்பில் ஏறும் என்பதை அவர் சொல்லித்தான் எல்லோரும் அறிந்தோம்.

கருப்பையா அன்று பேசியதை அக்காளே என்னிடம் சொல்லியிருக்கிறார். "உங்க கைய நம்பித் தின்னோம். நீங்க நடந்து வந்தீக, நடந்து போறீக. நான்?"

நான் திண்டுக்கல்லில் ரயில்வே வேலையில் இருந்தேன். செய்தி அறிந்து வந்தபோது போலீஸ் விசாரணை முடிந்திருந்தது. சுப்பையா சிறை சென்றார். அக்காள் மேல் வழக்கு இல்லை. ஆனால் தெருவில் அவர் சமைத்ததைத் தொடவும் ஆள் இல்லை. என்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டேன். "நான் போயிட்டா இவுக வீட்டுக்குத் தண்ணி யாரு எடுப்பா?" என்றார். படுத்துவிட்டவர்களின் வீடுகளுக்கு அவர்தான் குடம் சுமந்துகொண்டிருந்தார். கருப்பையாவின் மனைவி தண்ணீரை வாங்கிக்கொள்வார்; ஒரு வார்த்தை பேசமாட்டார்.

விசாரணைக்காக மூடியிருந்த பட்டறை மறுபடி திறந்தபோது அக்காள் முதலாளியைப் பார்க்கப் போனார். நானும் கூடச் சென்றேன்.

"அந்த எண்ணெய் இல்லாம வேல நடக்காதுன்னா நடக்கட்டும் முதலாளி. ஆனா சோறு திங்கிற எடம் வேற, வேல பாக்குற எடம் வேறயா இருக்கணும். கலக்குறவுகளுக்குக் கையுறை வேணும். காலி டிரம்ம கடப்பாரையால குத்தாம வாசலத் தாண்ட விடக்கூடாது."

"ஓட்டை போட்ட டிரம்மை எவன் வாங்குவான்?" என்றார் முதலாளி.

"எவனும் வாங்கக் கூடாதுன்னுதான் கேக்குறேன். தண்ணி புடிச்சு வைக்க ஒருத்தன் கொண்டுபோனாப் போதும், ஒரு குடும்பம் போயிரும்."

முதலாளி சம்மதித்தார். சர்க்கார் ஆள் சோதனைக்கு வரப்போவதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டில் எது காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அக்காள் அதன்பின் அங்கே சமைக்கவில்லை. கை கழுவும் தொட்டியருகே சோப்போடு நிற்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மணி அடித்ததும், எண்ணெய் பட்ட சட்டையைக் கழற்றி, முழங்கை வரை கழுவாமல் ஒருவரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க முடியாது. "நேத்துத்தானக்கா கழுவுனேன்" என்று கேலி பேசியவர்களும் உண்டு. "நேத்து சோறும் தின்னீகள்ல? இன்னைக்கு எதுக்கு?" என்பார். யுத்தம் முடிந்து அந்தத் துணிக்கு ஆள் இல்லாமல் பட்டறை மூடப்படும் வரை அங்கே இன்னொருவர் கால் விழவில்லை.

அக்காள் சிரித்துப் பேசி நான் அதிகம் கண்டதில்லை, அழுதும் கண்டதில்லை. தம் பங்கு இன்னது என்று தெரிந்துகொண்டார். அதற்கு மேல் ஏற்றிக்கொள்ளவும் இல்லை, குறைத்துக்கொள்ளவும் இல்லை.

சென்ற ஆண்டு மார்ச்சளியும் காய்ச்சலும் கண்டு படுத்தார். டாக்டரம்மா செல்லூர்ச் சந்துக்கு இரண்டு முறை வந்து பார்த்தார். கருப்பையாவின் மனைவி கஞ்சி வைத்துக் கொண்டுவந்து புகட்டினார். ஒரு காலை வேளையில், கஞ்சியைப் பாதி குடித்திருந்தபோது, அக்காளின் மூச்சு அடங்கியது.

டாக்டரம்மாவுக்கும், கஞ்சி சுமந்த அந்தத் தாய்க்கும், எங்களுக்கு முன்பே வந்து பந்தல் போட்ட பட்டறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒருசாராருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பாடை தூக்கியபோது கருப்பையா இரண்டு கம்புகளை ஊன்றி வாசலில் நின்றார். அவரைப் போலவே கால் விழுந்த மற்றவர்களும் நின்றார்கள். மாட்டுவண்டி பேசியிருக்கிறது, ஏறிக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். "வேணாம் தம்பி. நடந்தே வாரேன்" என்றார். முழங்காலை உயரத் தூக்கி, பாதம் தரையில் அறைய, அவர்கள் நடந்தார்கள். முன்னால் போன பாடை தெருமுனையில் நின்றது. சுமந்தவர்களில் எவரோ பின்னால் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அங்கிருந்து வைகைக் கரை வரை அவர்கள் நடைக்குத்தான் ஊர்வலம் போயிற்று. வெயில் ஏறிவிட்டது. யாரும் விரைவாகப் போகச் சொல்லவில்லை.

அவ்வளவு மெதுவாகப் பாடை சுமப்பது தோளுக்கு எத்தனை பாரம் என்று சுமந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தோள்களுக்கு எங்கள் நன்றி.