உப்பு மட்டும் பார்த்த நாக்கு

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் என் போர்வெல் வண்டி போட்ட போரை எண்ணி முடிக்க முடியாது. படித்த இன்ஜினியர்கூட, தண்ணீர் பீறிட்டதும் என் முகத்தைத்தான் பார்ப்பார். முதல் கைத் தண்ணீரை நான் வாயில் ஊற்றி, "நல்ல தண்ணி" என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர் கற்பூரம் ஏற்றுவார். கடலோர ஜில்லா, எங்களுக்குக் கெட்ட தண்ணீர் என்றால் உப்புத் தண்ணீர். வேறு கெடுதல் எனக்குத் தெரியாது.

ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிக் கொட்டி மலையாகிப் போன மேட்டுக்குப் பின்னால், மலிவாகக் கிடைத்த மனையில் ஒரு கூலிக்காரப் பெண் வீடு கட்டினாள். மல்லாட்டைக்கு, அதான் வேர்க்கடலைக்கு, களை எடுத்துச் சேர்த்த காசு. போர் நான்தான் போட்டேன். நாலு வருஷம் கழித்து வந்து நின்றாள்.

"அண்ணே, தண்ணி மஞ்சளா வருதுங்க. சோறு வடிச்சா நெறம் மாறுது. பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்துக்கிறா. இத குடுக்கலாமாங்க?"

நான் போட்ட போரையா குறை சொல்கிறாள்? அவள் தெருவுக்கே போய், எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, அந்தத் தண்ணீரை ஒரு சொம்பு முழுக்கக் குடித்தேன்.

"உப்பு எங்கனா கீதா? பாத்துக்க, செத்தா பூட்டேன்? களை வெட்றவளுக்கு மினரல் வாட்டர் கேக்குது!"

தெரு சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு 'மினரல்' என்றே பேர். கேன் தண்ணீர் வாங்க இருந்தவள், வெட்கப்பட்டு அதே தண்ணீரை மகளுக்குக் கொடுத்தாள்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் குழந்தை செத்துப் பிறந்தது. தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. அதையே நான் பிடித்துக்கொண்டேன். பிறகு, தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப்போய்ச் சோதித்த அதிகாரிகள், குப்பைமேட்டின் சாறு இறங்கியிருக்கிறது, குடிக்கக் கூடாது என்று அவள் குழாய்க்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள்.

மறுநாள் சொம்போடு என் ஷெட்டுக்கு வந்தாள். ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"அண்ணே, இன்னொரு தபா குடிங்க."

"குப்பைமேட்டாண்ட மனை வாங்கிக்கினா பன்னீரா வரும்? போம்மா, பேஜாரு பண்ணாத."

"நீங்க குடிச்சதப் பாத்துதானண்ணே குடுத்தேன்."

வாங்கினேன். வாய்வரை கொண்டுபோனேன். உதடு திறக்கவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

அவள் தண்ணீரை என் வாசலில் ஊற்றிவிட்டு, வெறும் சொம்போடு போனாள்.

இன்றைக்கும் போர் போடுகிறேன். கூப்பிடுகிறவர்கள் குறையவில்லை. தண்ணீர் வந்ததும், முதல் வாய் வீட்டுக்காரர் குடிக்கட்டும் என்று தள்ளி நின்றுகொள்கிறேன். மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.